ஸ்டோ: கம்பளியில் எழுந்து கடனில் சரிந்த பெருங்குடி

எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைக் கைப்பற்றியபின் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் என்றுமில்லாத ஒரு நிலச்சந்தை உருவானதையும், அதில் நிலம் வாங்க முன்வந்தவர்களுள் பழங்குடிப் பிரபுக்களோடு கையில் ரொக்கம் வைத்திருந்த வணிகரும் மந்தைக்காரரும் அடங்குவர் என்பதையும் இத்தொடரின் முந்தைய பகுதி விவரித்தது. அவ்வாறு மேலெழுந்த குடும்பங்களுள் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்து ஸ்டோவை ஆண்ட டெம்பிள் குடும்பத்தின் வரலாறு தனியே பார்க்கத்தக்கது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரே வழிமுறையினரிடம் இருந்து, ஐரோப்பா முழுவதும் பேர்பெற்ற தோட்டத்தையும் மாளிகையையும் உருவாக்கி, நாட்டுக்கு அமைச்சர்களையும் தலைமையமைச்சர்களையும் அளித்து, இறுதியில் ஏலக்காரரின் சுத்தியலுக்குக் கீழே வந்த இந்த எஸ்டேட், ஆங்கில நிலவுடைமை எதனால் வாழ்ந்தது, எதனால் கெட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தருகிறது. எஸ்டேட் என்று இங்கே குறிக்கப்படுவது மலைத்தோட்டம் அன்று. மாளிகை, அதைச் சூழ்ந்த பூங்கா, மான் அடைக்கும் காடு, குத்தகைக்கு விடப்பட்ட பண்ணைகள், அக்குத்தகைதாரர் வாழும் கிராமங்கள், அவ்வூர்த் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை ஆகிய அனைத்தும் சேர்ந்த சொத்துத் தொகுதியையே அச்சொல் குறிக்கும்.

மடாலயங்கள் கலைக்கப்படும்வரை ஸ்டோ, ஆக்ஸ்ஃபர்டு நகரை ஒட்டியிருந்த ஆஸ்னி மடத்துக்கு உரியதாக இருந்தது. வார்விக்ஷயர் மாவட்டத்தின் பர்ட்டன் டாசெட்டில் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றுப் பணம் சேர்த்த பீட்டர் டெம்பிள் 1571இல் ஸ்டோவைக் குத்தகைக்கு எடுத்தார்; அவருடைய மகன் ஜான் 1589இல் அதை விலைக்கே வாங்கினார். உழுநிலத்தை வேலியடைத்து மேய்ச்சல் நிலமாக்குவது அக்காலத்தில் இலாபம் தரும் தொழில். நூறு பேர் உழுது பிழைத்த இடத்தில் இரண்டு இடையர்கள் போதும் என்பதால் கூலிச் செலவு குறைந்தது, கம்பளி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. ஊரை இழந்தவர்களின் கணக்கு அந்த இலாபத்தில் சேரவில்லை. 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கருவூலத்தை நிரப்புவதற்காக பாரனெட் என்ற புதிய பட்டத்தை உண்டாக்கி, அதன் விலையை 1,095 பவுன் என்று நிர்ணயித்தபோது, ஜானின் மகன் தாமஸ் டெம்பிள் அதே ஆண்டில் அதை வாங்கினார். பாரனெட் என்பது தந்தைக்குப்பின் மகனுக்குச் செல்லும் பட்டமே தவிர, பிரபுக்கள் அவையில் இருக்கை தருவது அன்று. எனினும் இரண்டே தலைமுறையில் மந்தைக்காரரின் பேரன் ‘சர்’ என்று விளிக்கப்படும் நிலையை எட்டியிருந்தார்.

மூன்றாம் பாரனெட்டான சர் ரிச்சர்ட் டெம்பிள் 1676க்கும் 1683க்கும் இடையில் பழைய வீட்டை விடுத்து, கிறிஸ்டோபர் ரென்னிடம் பணியாற்றிய வில்லியம் கிளியரின் வரைவுப்படி, செங்கல்லால் ஒரு புதிய மாளிகை எழுப்பினார். இன்று காணப்படும் பெருமாளிகைக்குள் அந்தச் செங்கல் வீடு இன்னும் பொதிந்திருக்கிறது. மாளிகையும் பூங்காவும் விரிய விரிய ஸ்டோ கிராமம் சுருங்கிற்று. எஞ்சிய குடிகள் அருகிலுள்ள டாட்ஃபர்ட் போன்ற ஊர்களுக்குப் பெயர்ந்தனர். பாய்காட் என்ற இன்னொரு சிற்றூரும் இவ்வாறே மறைந்து, பூங்காவின் மேற்கு எல்லையில் நிற்கும் இரண்டு மண்டபங்களின் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இடைக்காலத்தைச் சேர்ந்த புனித மரியாள் தேவாலயம் மட்டும் இடிக்கப்படாமல் தப்பியது. ஆனால் கண்ணில் படாதவாறு அதைச் சுற்றி மரங்கள் நடப்பட்டன. ஊரே இல்லாத ஊர்க் கோயிலாக, பிரபுவின் தோட்டத்துக்கு நடுவே, அது இன்றும் நிற்கிறது.

குடும்பத்தின் உண்மையான ஏற்றம் 1697இல் சொத்துக்கு வந்த நான்காம் பாரனெட், பின்னாளில் காபம் பிரபு என்று அறியப்பட்ட ரிச்சர்ட் டெம்பிளிடம் தொடங்குகிறது. மார்ல்பரோ தளபதியின்கீழ் பிளாண்டர்ஸ் போர்களில் பேரெடுத்த அவர், ஹானோவர் வம்சம் அரியணை ஏறிய 1714இல் பாரன் பட்டமும் 1718இல் வைகவுண்ட் பட்டமும் பெற்றார்; 1715இல் லண்டன் மதுவடிப்பாலை ஒன்றின் வாரிசான ஆன் ஹால்சியை மணந்தார். கம்பளியில் வந்த நிலத்துக்கு பீரில் வந்த பணம் உரமாயிற்று என்றால் மிகையன்று. ஸ்டோவின் வரலாற்றில் பெரும் கட்டுமானம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் குத்தகை வருவாய்க்கு வெளியிலிருந்து வந்த ஏதேனும் ஒரு பணப்பெருக்கு உண்டு. நிலம் தன் சொந்த விளைச்சலால் அந்த மாளிகையை ஒருபோதும் தாங்கியதில்லை.

அந்தப் பணத்தைக்கொண்டு காபம் பிரபு உருவாக்கிய தோட்டம், ஆங்கிலத் தோட்டக்கலையின் முழு வரலாற்றையும் ஒரே இடத்தில் படிக்கத் தருகிறது. முதலில் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் நேர்கோட்டுச் சாலைகளும் எண்கோணக் குளமும் அமைத்தார். தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே வேலி தெரியாதவாறு, ஒருபுறம் செங்குத்தான சுவரும் மறுபுறம் சரிவும் கொண்ட ‘ஹா-ஹா’ என்னும் மறைபள்ளத்தை வெட்டி, மாடுகள் உள்ளே வராமலும் பார்வை தடைப்படாமலும் செய்தார். கட்டடங்களை நாடகாசிரியரும் கட்டடக் கலைஞருமான ஜான் வான்பரோவும், அவர் 1726இல் இறந்தபின் ஜேம்ஸ் கிப்ஸும் வில்லியம் கென்ட்டும் அமைத்தனர். 1741இல் தலைமைத் தோட்டக்காரராக வந்த இருபத்தைந்து வயது லான்சலட் பிரவுன், மாளிகையின் வடகிழக்கே ஒரு மேட்டு நிலத்தைக் குடைந்து, 23,000 கன கஜத்துக்கும் மேற்பட்ட மண்ணை மண்வெட்டியாலும் கைவண்டியாலும் அகற்றி, ‘கிரேக்கப் பள்ளத்தாக்கு’ என்று பெயர்பெற்ற இடத்தை உருவாக்கினார். அதைப் பார்ப்பவர்கள் அது இயற்கையாகவே அமைந்தது என்று எண்ணுவர். அவ்வாறு எண்ணவைப்பதே அக்கலையின் நோக்கம். மரங்களுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட அதே புனித மரியாள் தேவாலயத்தில்தான் 1744இல் பிரவுனின் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெருந்தோட்டங்கள் பலவற்றைத் திருத்தியமைத்த அவர், தொழில் பழகிய இடம் ஸ்டோவே.

தோட்டத்தில் நாற்பது வரையிலான மண்டபங்களும் தூண்களும் வளைவுகளும் எழுந்தன. டெம்பிள் என்ற குடும்பப்பெயருக்கு ஆங்கிலத்தில் கோயில் என்று பொருள் இருப்பதால், கோயில்களின் அழகைப் போற்றும் திருப்பாடல் வரி ஒன்றைக் குலமுத்திரை வாசகமாகக் கொண்டிருந்த அக்குடும்பம், தோட்டம் முழுவதும் கோயில் கட்டித் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. ஆனால் இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. 1733இல் தலைமையமைச்சர் ராபர்ட் வால்போல், மதுவுக்கும் புகையிலைக்கும் துறைமுகச் சுங்கத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கிடங்குகளில் கலால் வரி விதிக்க மசோதா கொண்டுவந்தபோது, அதிகாரிகள் கடை கடையாகப் புகுந்து சோதிப்பார்கள் என்ற அச்சம் நாடெங்கும் பரவிற்று. ஆளுங்கட்சியைச் சேர்ந்த காபம் பிரபு அதை எதிர்த்தார். தண்டனையாக அவருடைய படைப்பிரிவின் தலைமை பறிக்கப்பட்டது. போர்க்களத்தை இழந்த தளபதி தம் பகையைத் தோட்டத்தில் கட்டியெழுப்பினார்.

கென்ட்டைக் கொண்டு ஒரு சிற்றாற்றின் கரையில் அவர் அமைத்த ‘எலீசியப் புலம்’, கிரேக்கப் புராணத்தில் வீரர்கள் இறந்தபின் சென்று வாழும் மேலுலகின் பெயரைத் தாங்கியது. அதன் மேட்டில் நிற்கும் ‘பண்டைய அறத்தின் கோயில்’ வட்டவடிவில், மாசற்ற தூண்களோடு, ஹோமர், சாக்ரட்டீஸ், லைகர்கஸ், எபாமினோண்டஸ் ஆகிய நால்வரின் சிலைகளை உள்ளே கொண்டிருந்தது. அதற்கு அருகிலேயே ‘நவீன அறத்தின் கோயில்’ இடிபாடாகவே கட்டப்பட்டது. அதனுள் நின்ற தலையில்லாச் சிலை வால்போலைக் குறிக்கும் என்று பார்த்தவர் அனைவரும் புரிந்துகொண்டனர். ஆற்றுக்கு அப்பால் வளைந்து நிற்கும் ‘பிரித்தானியச் சான்றோர் கோயிலில்’ பதினாறு மார்பளவுச் சிலைகள் உள்ளன: ஒரு பகுதியில் ஷேக்ஸ்பியர், மில்ட்டன், நியூட்டன், லாக், பேக்கன் முதலான அறிவாளர்கள், மற்றொன்றில் ஆல்ஃபிரட் மன்னர், அரசி எலிசபெத், டிரேக், ராலே முதலான செயல்வீரர்கள். மன்னர் விதித்த வரியைக் கட்ட மறுத்த ஜான் ஹாம்ப்டனுக்கும், கலால் மசோதாவை எதிர்த்துப் பேசிய, அப்போது உயிரோடிருந்த லண்டன் உறுப்பினர் ஜான் பார்னார்டுக்கும் இந்த வரிசையில் இடம் கிடைத்தது தற்செயல் அன்று. பதினாறு பேரில் பெண் ஒருவரே.

பார்க்க வருவோருக்காக 1717இலேயே தோட்டத்தின் வாயிலருகே ஒரு விடுதி கட்டப்பட்டிருந்தது. 1744இல் பென்டன் சீலி என்பவர் ஸ்டோவுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். ஒரு தோட்டத்துக்காக இங்கிலாந்தில் வெளிவந்த முதல் வழிகாட்டி அதுவே என்று கருதப்படுகிறது. பிரபுவின் அரசியல் வசையைக் காசு கொடுத்துப் படித்துக்கொண்டே உலவும் பொதுமக்கள் அவ்வாறு உருவாயினர்.

பிள்ளையில்லாத காபம் பிரபு தம் தங்கை மக்களையும் அவர்களுடைய உறவினரையும் நண்பரையும் சேர்த்து நாடாளுமன்றத்தில் ஒரு இளைஞர் அணியை வளர்த்தார்; ‘காபமின் குட்டிகள்’ என்று ஏளனமாக அழைக்கப்பட்ட அவ்வணியில் ரிச்சர்ட் கிரென்வில், ஜார்ஜ் கிரென்வில், ஜார்ஜ் லிட்டல்டன், வில்லியம் பிட் ஆகியோர் இருந்தனர். இந்த வில்லியம் பிட், 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரத்தை வாங்கிச் சென்று, 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விற்றுப் பெருஞ்செல்வரான தாமஸ் பிட்டின் பேரன். சோழமண்டலக் கரையில் திரண்ட செல்வம் வாங்கித் தந்த ஓல்டு சாரம் தொகுதியிலிருந்தே அவர் 1735இல் நாடாளுமன்றம் புகுந்தார்; 1754இல் கிரென்வில்களின் தங்கை ஹெஸ்டரை மணந்து ஸ்டோவின் மருமகனானார். ஏழாண்டுப் போரில் அவருடைய தலைமையில் பிரித்தானியா வென்றபின், தோட்டத்தின் பெரிய கிரேக்கக் கோயில் ‘இணக்கமும் வெற்றியும்’ என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் உட்சுவரில் பதிக்கப்பட்ட வெற்றிப் பதக்கங்களில் கியூபெக், மான்ட்ரியல் ஆகியவற்றோடு, 1761இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட புதுச்சேரியும் ஒன்று. இணக்கம் என்ற சொல் பொறிக்கப்பட்ட காலத்தில் பிட்டுக்கும் ஜார்ஜ் கிரென்வில்லுக்கும் இணக்கமே இல்லாதிருந்தது என்பது அக்கோயிலுக்குப் புதுப்பெயர் சூட்டியவர் பொருட்படுத்தாத ஒரு முரண்.

காபமுக்குப்பின் 1749இல் சொத்துக்கு வந்த ரிச்சர்ட் கிரென்வில், அதாவது டெம்பிள் கோமகன், மாளிகையின் தெற்கு முகப்பை ராபர்ட் ஆடமின் வரைவைத் திருத்திக் கட்டினார். 916 அடி நீளத்துக்கு விரியும் அந்த முகப்பு முடிந்த 1779ஆம் ஆண்டிலேயே, பூங்காவில் குதிரைவண்டியிலிருந்து விழுந்து அவர் இறந்தார். உள்ளே, ரோமாபுரியின் பாந்தியன் கோயிலைப் பின்பற்றி நீள்வட்டமாக அமைந்த பளிங்கு மண்டபத்தையும், ஏறத்தாழ முந்நூறு உருவங்கள் கொண்ட அதன் சிற்ப வரிசையையும் அடுத்த தலைமுறை முடித்தது. 1786இல் தாமஸ் ஜெபர்சனும் ஜான் ஆடம்ஸும் சேர்ந்து வந்து பார்த்தபோது ஸ்டோ தன் உச்சியில் இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது முத்திரை வரி விதித்து அங்கிருந்தோரைக் கலகத்துக்குத் தூண்டிய தலைமையமைச்சர் ஜார்ஜ் கிரென்வில் இந்த வீட்டுப் பிள்ளை.

உச்சியின் செலவை யார் தாங்கினர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஜார்ஜ் கிரென்வில், தாம் பதவியிலிருந்த காலத்திலேயே, கருவூலக் கணக்கர் என்ற பதவியின் பின்னுரிமையைத் தம் மூத்த மகனுக்கு வாங்கி வைத்தார். வேலையை உதவியாளர் பார்க்க, பெயருக்குரியவர் வருமானத்தை மட்டும் பெறும் இத்தகைய பதவிகள் அக்காலத்தில் பல இருந்தன. கணக்கருக்குரிய கட்டணம் அரசு வழங்கும் பணத்தில் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்பட்டதால், போர் மூளும்தோறும் பதவியின் வருமானமும் பெருகிற்று. நெப்போலியனோடு நடந்த நீண்ட போர் நாட்டைக் கடனில் ஆழ்த்தியபோது, ஸ்டோவின் உடைமையாளராகி 1784இல் பக்கிங்ஹாம் மார்க்குவிஸும் ஆகிவிட்ட அம்மகனுக்கு அது பொன்மழையாயிற்று. 1813இல் அவர் இறந்ததும் மழை நின்றது. அதற்கேற்பச் செலவு நிற்கவில்லை. ஸ்டோவின் வீழ்ச்சிக்கு ஊதாரித்தனத்தைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். அது பொய் அன்று. ஆயினும், அரசுப் பணத்தில் வளர்ந்த ஒரு வாழ்க்கைமுறையை நிலத்தின் தலையில் கட்டியதே முதற்காரணம் என்று கொள்வது பொருந்தும்.

அடுத்து வந்த ரிச்சர்ட், 1796இல் ஷாண்டோஸ் டியூக்கின் ஒரே வாரிசான அன்னா எலைசா பிரிட்ஜஸை மணந்து, டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-ஷாண்டோஸ்-கிரென்வில் என்று ஐந்து பெயர்களை அடுக்கிக்கொண்டார். கிரென்வில் தவிர மற்றப் பெயர்கள் வாரிசுப் பெண்களையும் அவர்களோடு வந்த நிலத்தையும் குறிப்பவை. ஷாண்டோஸ் சொத்தில் ஜமைக்காத் தீவின் ஹோப் கரும்புத் தோட்டமும் அடங்கும். அங்கே அடிமைகள் உழைத்தனர். இவருடைய சிற்றப்பா வில்லியம் கிரென்வில் தலைமையமைச்சராக இருந்த 1807இல்தான் அடிமை வணிகம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் தோட்டத்தில் இருந்த அடிமைகள் 1830கள் வரை விடுதலை பெறவில்லை, விடுதலை வந்தபோது இழப்பீடு உடைமையாளர்களுக்கே வழங்கப்பட்டது. 1822இல், நாடாளுமன்றத்தில் தம் ஆதரவாளர்களின் வாக்குகளை ஆளுங்கட்சிக்கு அளித்ததற்கு விலையாக, ரிச்சர்ட் பக்கிங்ஹாம்-ஷாண்டோஸ் டியூக் ஆனார். ஐந்தே ஆண்டுகளில், 1827இல், கடன் தாளாமல் சிக்கனம் கருதி இத்தாலிக்குக் கப்பலேறினார். அந்தச் சிக்கனப் பயணத்துக்கென்றே சொந்தமாக ஒரு பாய்க்கப்பல் வாங்கப்பட்டது.

இவ்வளவு கடனை ஒரு நிலக்குடும்பம் எவ்வாறு வாங்க முடிந்தது என்பதை அறிய, ‘கட்டுறுதி ஏற்பாடு’ என்று சொல்லத்தக்க சொத்துப் பத்திர முறையை அறிதல் வேண்டும். இதன்படி நிலத்தின் நடப்பு உடைமையாளருக்கு ஆயுட்கால அனுபோக பாத்தியதை மட்டுமே உண்டு. விற்கவோ பிரிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அவருக்குப்பின் அது மூத்த மகனுக்குப் போகும். மகனுக்கு இருபத்தொரு வயது நிரம்பியதும் தந்தையும் மகனும் கூடிக் கையெழுத்திட்டால் கட்டை அவிழ்க்கலாம். வழக்கமாக அவிழ்த்த கையோடு அடுத்த தலைமுறைக்கு மீண்டும் கட்டிவிடுவர். அதே பத்திரம், விதவைக்கு ஆண்டுப்படி, இளைய பிள்ளைகளுக்குப் பங்குத்தொகை ஆகியவற்றை நிலத்தின்மீது வில்லங்கமாக ஏற்றிவைக்கும். விற்க முடியாத நிலம் என்பதாலேயே கடன் கொடுப்பவர்கள் நம்பிக் கொடுத்தனர். வாங்கிய கடனுக்கு வட்டியை நிலவருவாய் கட்டியது. ஒவ்வொரு திருமணமும் ஒரு புதிய வில்லங்கத்தைச் சேர்த்தது. சொத்தைக் காக்க எழுந்த சட்டமே கடனைப் பேணி வளர்த்தது எனலாம்.

1839இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் டியூக் இந்தச் சுமையின்மேல் இன்னொன்றை ஏற்றினார். 1832 வரை பக்கிங்ஹாம் நகரத்தின் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பதின்மூன்றே வாக்காளர் கொண்ட நகர்மன்றம் தேர்ந்தெடுத்தது. அம்மன்றம் ஸ்டோவின் சட்டைப்பைக்குள் இருந்தது. அவ்வாண்டின் சீர்திருத்தச் சட்டம் அந்த வசதியை ஒழித்தபோது, அப்போது ஷாண்டோஸ் மார்க்குவிஸ் என்று அறியப்பட்ட இவர், ஆண்டுக்கு 50 பவுன் வாரம் கட்டும் மாவட்டக் குத்தகைதாரர்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். மேலுக்கு இது உரிமையை விரிவாக்கியதாகத் தோன்றும். ஆனால் இரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை கைதூக்கியும் வாய்திறந்தும் வாக்களிக்க வேண்டியிருந்த குத்தகைதாரர், நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக வாக்களிப்பது அரிது. ஆகவே எவ்வளவு நிலமோ அவ்வளவு வாக்கு என்றாயிற்று. டியூக் கடன் வாங்கி நிலம் வாங்கினார். வாங்கிய நிலம் நூற்றுக்கு மூன்று அளவில் வருமானம் தந்தது. கடனுக்கு நான்கும் ஐந்தும் வட்டி. வாங்க வாங்க நட்டம் பெருகும் இந்தக் கணக்கை அவருடைய முகவர்களும் வழக்கறிஞர்களும் எடுத்துச் சொல்லாமல் இல்லை.

1845 ஜனவரியில் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் ஸ்டோவில் வந்து தங்கினர். வரவேற்புக்காக அறைகள் புதிதாகத் திரையும் கம்பளமும் பூண்டன, அச்செலவும் கடனே. அதற்குச் சற்று முன்பு வயதுக்கு வந்திருந்த மகன், தந்தையோடு சேர்ந்து கட்டை அவிழ்க்கக் கையெழுத்திட்டான். மீண்டும் கட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கடன் பத்து இலட்சம் பவுனைத் தாண்டிவிட்டது. 1847இல் நீதிமன்ற அமீனாக்கள் மாளிகைக்குள் புகுந்து பொருள்களை அட்டவணைப்படுத்த, டியூக் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களைக் காக்க அமைச்சர் பதவியையே துறந்து ‘உழவர் நண்பர்’ என்று பெயரெடுத்த மனிதரின் இந்த முடிவை டைம்ஸ் நாளேடு தலையங்கம் எழுதிக் கடிந்தது. தன் குலத்துக்கே இழுக்குத் தேடியவர் என்ற தொனியில் அமைந்த அந்தக் கண்டனம், ஐரோப்பாவெங்கும் புரட்சி கொதித்த 1848இல் ஆளும் வகுப்பினர் கொண்டிருந்த கலக்கத்தையும் சேர்த்தே காட்டிற்று.

கிறிஸ்டி ஏல நிறுவனம் 1848 ஆகஸ்ட் 15 அன்று ஸ்டோவில் ஏலத்தைத் தொடங்கிற்று. நாற்பது நாள் நடந்தது. சமையற்கட்டுப் பாத்திரங்கள், நிலவறை மது, சீனப் பீங்கான், வெள்ளித் தட்டுகள், மெத்தை, ரோமச் சிலைகள், குடும்பத்தாரின் உருவப்படங்கள் என எல்லாவற்றுக்கும் எண் ஒட்டப்பட்டது. வாங்குவோரோடு வேடிக்கை பார்ப்போரும் ரயிலேறி வந்தனர். விலையையும் வாங்கியவரையும் குறித்த பட்டியல் தனி நூலாகவே அச்சேறி விற்றது. ஷேக்ஸ்பியரின் உருவம் என்று கருதப்படும் ‘ஷாண்டோஸ் ஓவியத்தை’ எல்லஸ்மியர் பிரபு 355 கினிக்கு வாங்கினார். கினி என்பது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும் சேர்ந்த கணக்கு. 1856இல் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் தொடங்கியபோது அவர் அதைக் கொடையளிக்க, அவ்வருங்காட்சியகத்தின் முதல் எண்ணைப் பெற்ற படம் அதுவாயிற்று. கடல்மங்கையாக அமைந்த வீனஸ் சிலை ஒன்றை அரசிக்காக ஆல்பர்ட் வாங்கினார். ஜான் சோன் அமைத்த கோதிக் நூலகத்தில் இருந்த பழைய ஆங்கிலச் சுவடிகள் தனியே ஆஷ்பர்ன்ஹாம் பிரபுவுக்கு விற்கப்பட்டன. ஏலத்தின் மொத்த வரவு 75,562 பவுன் 4 ஷில்லிங் 6 பென்ஸ். கடனில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது தீர்க்கவில்லை. நிலம் விற்றே தீர்க்க வேண்டியிருந்தது. பல மாவட்டங்களில் பரவிக்கிடந்த பண்ணைகள் கைமாறின. 1850இல் மனைவி மணவிலக்குப் பெற, டியூக் தம் இறுதிக் காலத்தைக் குடும்பக் கடிதங்களிலிருந்து மன்னர் காலத்து அரசவை வரலாறுகளை வெளியிடுவதில் கழித்து, 1861இல் லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதியில் இறந்தார்.

மூன்றாம் டியூக் தந்தையின் அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். பட்டத்துக்கு வருமுன்பே, 1853 முதல் 1861 வரை, லண்டன்-வடமேற்கு ரயில் நிறுவனத்தின் தலைவராகச் சம்பளத்துக்கு உழைத்தவர். கிரென்வில்களின் பூர்வீகமான வாட்டன் பண்ணைக்குத் தம் செலவில் ஒரு சிறு ரயில்பாதை போட்டவர். அது பின்னாளில் லண்டன் நிலத்தடி ரயிலின் கடைக்கோடிக் கிளையாகி 1935 வரை ஓடியது. 1875இல் அவர் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்து, தமிழகம் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் கொடும்பஞ்சம் தொடங்கிற்று. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை அரசு தானியம் வாங்கிச் சேமித்ததைத் தலைமை ஆளுநர் லிட்டன் வணிகத்தில் தலையிடுவதாகக் கண்டித்தார். அவர் அனுப்பிய பஞ்ச ஆணையர், நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். ஆணையரின் பெயர் ரிச்சர்ட் டெம்பிள். ஸ்டோவின் காபம் பிரபு ஞானஸ்நானம் பெற்ற அதே பெயர். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷின் எதிர்ப்புக்குப்பின் கூலி சிறிது உயர்த்தப்பட்டது. டியூக்கின் நிர்வாகம் லிட்டனினதைவிட இரக்கமுடையது என்பது உண்மை. போதுமானதாக இருந்தது என்று சொல்ல இறந்தவர்களின் எண்ணிக்கை இடம்கொடாது. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர் வெட்டப்பட்டு, கடற்கரையை ஒட்டி ஏற்கெனவே துண்டு துண்டாக இருந்த நீர்வழிகள் ஒன்றிணைந்தன. 1878இல் அதற்கு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயரிடப்பட்டது. பெரம்பூரில் பின்னி நிறுவனம் தொடங்கிய நூற்பாலையும் அவர் பெயரையே தாங்கிற்று. ஸ்டோவின் பெயரை அறியாத சென்னைவாசிகளும் அதன் கடைசி டியூக்கின் பெயரை நாள்தோறும் சொல்லிவருகின்றனர்.

1880இல் அவர் நாடு திரும்பியபோது அமெரிக்கப் புல்வெளிகளின் மலிவுக் கோதுமை நீராவிக் கப்பல்களில் வந்து குவிய, ஆங்கிலக் குத்தகை வாரம் சரிந்துகொண்டிருந்தது. 1889இல் ஆண் வாரிசின்றி அவர் இறக்க, டியூக் பட்டம் அற்றுப்போயிற்று. மாளிகை மூத்த மகள் கின்லாஸ் சீமாட்டிக்கு வந்தது. பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய பாரிஸ் கோமகனுக்கு அது சில ஆண்டுகள் வாடகைக்கு விடப்பட்டது. அவர் 1894இல் அங்கேயே இறந்தார். சீமாட்டியின் மூத்த மகன் 1914 டிசம்பரில் போர்முனையில் மடிந்தபின் அதைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை. 1921இலும் 1922இலும் எஞ்சியதும் விலைபோயிற்று. தெற்குப் படிக்கட்டில் கிடந்த ஈயச் சிங்கங்கள் இரண்டும் பிளாக்பூல் நகரப் பூங்காவுக்குப் போயின. மாளிகையில் 1923 மே மாதம் ராக்ஸ்பரோ என்பவரைத் தலைமையாசிரியராகக் கொண்டு, 99 மாணவர்களோடு ஓர் உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. வீடுகட்டுவோர் கைக்குப் போகவிருந்த நெடுஞ்சாலை மரவரிசையைப் பள்ளியின் கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் தம் சொந்தப் பணத்தில் வாங்கிக் காத்தார். தோட்டம் 1989இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது.

பர்ட்டன் டாசெட்டின் ஆட்டுக் கணக்கிலிருந்து இரண்டாம் டியூக்கின் அடமானப் பத்திரங்கள் வரையிலான குடும்ப ஆவணங்கள் 1925இல் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்துக்கு விற்கப்பட்டன. இலட்சக்கணக்கில் உள்ள அத்தாள்களிலிருந்தே ஸ்டோவின் வரவுசெலவை வரலாற்றாளர்கள் மீட்டெடுத்துள்ளனர். இந்தக் குடும்பத்தைக் கட்டிப்போட்டிருந்த பத்திர முறையை, ஆயுட்கால உடைமையாளரும் நிலத்தை விற்கலாம் என்ற 1882ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. அச்சட்டத்தின்கீழ் மற்ற எஸ்டேட்டுகள் எவ்வாறு கரைந்தன என்பது அடுத்த பகுதியில் இடம்பெறும்.